நாற்பத்து மூன்று பின்பக்கங்கள்

நோபுயேயைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அவள் விரல்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ஜப்பானில் இமபாரி என்ற ஊரில், துண்டு நெய்யும் ஆலையில் முப்பத்தொரு வருஷமாகச் சோதனை மேசையில் நின்றவள். துண்டை ஒரு தடவு தடவினால் போதும், எங்கே நூல் துருத்துகிறது, எங்கே ஓரத் தையல் விட்டிருக்கிறது என்று விரல் சொல்லிவிடும். அழுக்கு, பிசிறு, கறை எதையும் அவளால் சகித்துக்கொள்ள முடியாது. வீட்டிலும் அப்படித்தான். கணவர் மிட்சுவாகி டீ குடித்துக் கோப்பையைக் கீழே வைப்பதற்குள் மேசையைத் துடைத்துவிடுவாள். இந்தத் துடைக்கிற கைதான் அவளைக் கவிழ்த்தது.

ஐம்பத்தொன்பது வயதில் அவளுக்குப் படம் போடுகிற ஆசை வந்ததற்கு ஹருயோதான் காரணம். பக்கத்து மேசைக்காரி. வாய் கொஞ்சம் நீளம். சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் ஒரு குட்டி நோட்டைத் திறப்பாள். அன்றைக்குக் கண்ணில் பட்ட ஏதாவது ஒன்றை வரைவாள், வண்ணம் தீற்றுவாள், கீழே ஒரு வரி எழுதுவாள், மூடுவாள். அவ்வளவுதான்.

"நீயும் போடேன்டி. என்ன, கையா ஒடிஞ்சிடும்?"

"எனக்கு வாத்து வரைஞ்சா கெட்டில் மாதிரி வரும்."

"அப்போ கெட்டில வரை, வாத்து மாதிரி வரும். இதுக்கு ரெண்டே சட்டம்தான். கோணலா வந்தாலும் பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. ரப்பரைத் தொடவே கூடாது. அதுவும் உன் கைல ரப்பர் குடுத்தா நோட்டே மிஞ்சாது."

நூறு யென் கடையில் ஒரு வண்ணப் பெட்டியும் தூரிகையும் வாங்கிக்கொண்டாள். நோட்டும் ஒன்று வாங்கினாள். தண்ணீர் பட்டதும் அந்தத் தாள் அப்பளமாக நெளிந்தது. நல்ல தாளுக்கு நல்ல விலை. கெட்டில் வரைகிறவளுக்கு அதெல்லாம் எதற்கு என்று ஓவியச் சாமான் கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பினாள்.

அப்புறம்தான் பூஜை மாடத்தின் இழுப்பறையில் கிடந்த யாத்திரைப் புத்தகம் நினைவுக்கு வந்தது. மிட்சுவாகியும் அவர் தம்பி தெத்சுயாவும் எண்பத்தெட்டுக் கோயில் சுற்றக் கிளம்பினபோது வாங்கியது. விசிறி மாதிரி மடிந்து மடிந்து விரிகிற புத்தகம். முன்பக்கத்தில் மடிப்புக்கு ஒரு கோயிலாக, அங்கங்கே போட்டுத் தந்த கருப்பு மசி எழுத்தும் சிவப்பு முத்திரையும். நாற்பத்து மூன்றாம் கோயிலோடு நின்றுபோயிருந்தது. தெத்சுயா கப்பல் பட்டறையில் திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து ஆறு வருஷமாகிறது. அதற்கப்புறம் மிட்சுவாகி அந்தப் புத்தகத்தைத் தொட்டதே இல்லை.

இரட்டைத் தாள், மசி அந்தப் பக்கம் ஊறாது. பின்பக்கம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள்? நோபுயே அதை எடுத்தாள். பின்பக்கம் முழுக்க வெள்ளையாக இல்லை. மடிப்புக்கு நாலைந்து வரி, பென்சிலில், பொடி எழுத்து. பஸ் பத்து நாற்பது. மத்தியானம் ஊடோன் நூடுல்ஸ். கால் வலி. ஏதோ போக்குவரத்துக் குறிப்பு. படம் போடுகிற தாளில் இந்தக் கிறுக்கல் எதற்கு?

ஒரு பிற்பகல் முழுக்க உட்கார்ந்து நாற்பத்து மூன்று மடிப்பையும் ரப்பரால் அழித்தாள். தூளை ஊதித் தள்ளி, ஈரத்துணியால் மேசையையும் துடைத்தாள். என்ன திருப்தி அன்றைக்கு!

முதல் படம், மிட்சுவாகி தோட்டத்தில் பறித்து வந்த ஆரஞ்சு. அடுத்தது அவர் செருப்பு. அப்புறம் சோற்றுக் கிண்ணம், பேப்பர் படித்தபடி தூங்கிப்போன அவர் முகம். வாரம் இரண்டு படம், சாயங்காலம் நாலு மணிக்கு, அவர் தோட்டத்தில் இருக்கிற நேரமாகப் பார்த்து. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வரி. பாதிக்கு மேல் ஒரே வரிதான்: 'இன்னிக்கும் ஒண்ணும் பேசல.' மிட்சுவாகி கெட்டவர் இல்லை. ஆனால் 'ம்' என்ற எழுத்தை வைத்தே முப்பத்து நாலு வருஷம் குடும்பம் நடத்திவிட்ட மனுஷன்.

ஒரு நாள் புத்தகத்தின் அட்டையைப் பேப்பரில் சுற்றி மறைத்து ஹருயோவிடம் காட்டினாள். அவள் ஆரஞ்சைப் பார்த்து மூக்கைச் சுருக்கினாள். "என்னடி இது, பழத்து மேல இவ்வளவு கீறல்? பூனை பிராண்டுச்சா? தூரிகை மட்டம், வேற வாங்கு." நோபுயேவுக்கும் அந்தக் கோடுகள் உறுத்தத்தான் செய்தன. கை பழகவில்லை என்று விட்டுவிட்டாள்.

பிப்ரவரியில் ஒரு ராத்திரிச் சாப்பாட்டின்போது, சாப்பிடுகிற குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, மிட்சுவாகி பேசினார். ஒரு மாசத்துக்கு ஆகிற பேச்சு.

"ஏப்ரல்ல தெத்சுயா போய் ஆறு வருஷம் ஆகுது, ஏழாம் வருஷத் திதி முடிஞ்சதும் கிளம்பறேன். நாற்பத்து நாலுலேர்ந்து. விட்டதை முடிச்சுடணும்."

"போய்ட்டு வாங்க. முட்டிக்கு ஒரு பட்டை வாங்கித் தரேன்."

"அந்தப் புத்தகத்தோட பின்பக்கம் அவன் எழுதிக்கிட்டே வருவான். பஸ்ல உக்காந்துகூட. காட்டுடான்னா காட்ட மாட்டான். 'எண்பத்தெட்டும் முடியட்டும்ணே, அப்புறம் படி'ம்பான். அவன் போனப்புறம் பிரிக்க மனசு வரல. இப்போ கோயிலுக்கு ஒரு பக்கமா படிச்சுக்கிட்டே போலாம்னு இருக்கேன்."

நோபுயே எழுந்து போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

அந்த வாரம் சோதனை மேசையில் இரண்டு தடவை கறை படிந்த துண்டு அவள் கையைத் தாண்டிப் போயிற்று, முப்பத்தொரு வருஷத்தில் நடக்காத காரியம். ஹருயோ விடவில்லை, பிடுங்கிப் பிடுங்கிக் கேட்டு விஷயத்தைக் கறந்துவிட்டாள்.

"அடிப்பாவி! ரப்பரைத் தொடாதேன்னேனே."

"படம் போட்டப்புறம் தொடல. அதுக்கு முன்னாடிதான்…"

"நல்லாருக்கு உன் நியாயம். சரி, நீயே பென்சில்ல எழுதி வெச்சிடு. பஸ்ஸு, ஊடோன், கால் வலி. அவருக்கு என்ன தெரியப் போகுது?"

ஹருயோ விளையாட்டாகத்தான் சொன்னாள். நோபுயே வீட்டுக்குப் போய் நிஜமாகவே பேப்பர் ஓரத்தில் எழுதிப் பார்த்தாள். தெத்சுயாவின் எழுத்து நிமிர்ந்து நிற்கும், அழுத்தமாக விழும். இரும்புத் தகட்டில் அளவுக்கோடு போட்டுப் பழகின கை. மூன்றாவது தடவை எழுதும்போது அது கொஞ்சம் ஒத்து வந்தது. அப்போதுதான் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. செத்துப்போனவன் எழுத்து இவ்வளவு நன்றாக எனக்குத் தெரிகிறதே, அப்படியானால் அன்றைக்கு ரப்பரோடு உட்கார்ந்தபோது மட்டும் எப்படித் தெரியாமல் போயிற்று?

தெரியாமல் இல்லை. முதல் மடிப்பில் ஒரு நொடி கை நின்றது. இது மிட்சுவாகி எழுத்து இல்லையே, தம்பி எழுத்தாச்சே என்று மனசு சொன்னது. நல்ல தாள் என்று ஆசை சொன்னது. ஆசை பேச்சைக் கேட்டாள். இத்தனை நாள் 'தெரியாமல் செய்துவிட்டேன்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டதும் பொய்தான்.

திதிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் மிட்சுவாகி பூஜை மாடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். இழுப்பறையில் கை வைத்தார்.

"ஏங்க, அதுல இல்ல. என்கிட்ட இருக்கு."

கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். மண்டியிட்டுத் தலையைப் பாயில் வைத்தாள். "தம்பி எழுதினதையெல்லாம் நான் அழிச்சுட்டேன். படம் போடறதுக்காக. தம்பி எழுத்துன்னு தெரிஞ்சுதான் அழிச்சேன். நான் மன்னிப்புக் கேக்கறதுக்குக்கூட லாயக்கு இல்லாதவ."

அவர் புத்தகத்தைத் திருப்பிப் பின்பக்கத்தை விரித்தார். செருப்பு, கிண்ணம், தூங்குகிற தன் முகம். 'இன்னிக்கும் ஒண்ணும் பேசல.' 'இன்னிக்கும் ஒண்ணும் பேசல.' ஒவ்வொரு மடிப்பாகப் போனார். முப்பத்தொரு படம். அதற்கப்புறம் துடைத்து வைத்த வெள்ளை, பன்னிரண்டு மடிப்பு. அந்த வெள்ளையைப் பார்த்தபோது அவளுக்கு, அவர் திட்டினால் தேவலை என்றிருந்தது.

அவர் மறுபடி முதல் மடிப்புக்கு வந்தார். எழுந்து ஜன்னல் பக்கம் போய், புத்தகத்தை வெயிலில் சாய்த்துப் பிடித்தார்.

"இந்த ஆரஞ்சு மேல என்ன கோடு?"

"அது… தூரிகை மட்டங்க. கீறல் விழுது."

"கீறல் இல்ல. கண்ணாடிய எடு."

பென்சில் கரி போயிருந்தது. அழுத்தின தடம் போகவில்லை. அந்தப் பள்ளத்தில் வண்ணம் தேங்கி, சுற்றியிருந்ததைவிடக் கறுத்துக் காய்ந்திருந்தது. மிட்சுவாகி விரலால் கோடு கோடாகத் தொட்டுப் படித்தார். "ஒண்ணாம் கோயில். மழை. ஊடோன் நல்லாருந்தது." நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டு கடைசி வரிக்கு வந்தார்.

"அண்ணன் இன்னிக்கும் ஒண்ணும் பேசல."

அதற்கு நேர் கீழே, ஆரஞ்சு முடிகிற இடத்தில், நோபுயேயின் பேனா எழுத்தில் அதே வரி. அவர் அதையும் சத்தமாகப் படித்தார்.

புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, "ரெண்டு பேரும் இங்கதான் வந்து எழுதணுமா? என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்.

"சொன்னா 'ம்'பீங்க."

அதற்கும் 'ம்' என்றார். அவருக்கே அது உறைத்திருக்க வேண்டும், தலையைக் குனிந்துகொண்டார்.

முப்பத்தொன்றில் ஒன்பது மடிப்பில்தான் எழுத்து தெரிந்தது. மற்றதெல்லாம் அவள் வண்ணத்தை அப்பி மூழ்கடித்தது, அல்லது வண்ணமே படாமல் விட்டது. அவர் வெள்ளை மடிப்புகளைத் தட்டிக் காட்டினார். "மிச்சத்துக்கும் அடி. தண்ணி நிறையக் கலந்து, மெலிசா."

நோபுயே பெட்டியை எடுத்து வந்தாள். முப்பத்து இரண்டாவது மடிப்பில் ஆரஞ்சு நிறத்தைக் கரைத்து மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு இழுத்தாள். ஈரத்தில் ஒன்றும் தெரியவில்லை. காயட்டும் என்று இரண்டு பேரும் தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒண்ணாம் கோயில் அன்னிக்கு எனக்குச் செருப்பு கடிச்சுது," என்றார் மிட்சுவாகி. "ரெண்டு குதிகால்லயும் ரத்தம். வாயைத் தொறந்தா சொல்லிடுவேன், சொன்னா அவன் 'திரும்பிடலாம்ணே'ம்பான். முதல் நாளே அவன் ஆசையைக் கெடுக்க வேணாம்னுதான் பேசாம நடந்தேன்."

அவர் அதைத் தாளைப் பார்த்துத்தான் சொன்னார். நோபுயே தூரிகையைக் கீழே வைக்கவும் மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அதன் நுனியிலிருந்து ஒரு சொட்டு மேசையில் விழுந்து பரவியது. அவள் அதைத் துடைக்கவில்லை.