நூற்று முப்பத்து நாலாம் பக்கம்

பிரகதாம்பாள் கையால் சாப்பிடாத பிள்ளை திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே அந்த மூன்று கிராமத்தில் கிடையாது. முப்பத்தொரு வருஷம் சத்துணவு அமைப்பாளர். முட்டையில் ஒன்று குறைந்தால் தலைமையாசிரியரையே நிற்கவைத்துக் கேட்கிற வாய். அப்படிப்பட்டவள் ரிட்டயர் ஆனதும் சும்மா உட்கார்ந்திருப்பாளா? தன் வாழ்க்கைக் கதையைப் புத்தகமாக எழுதினாள்.

எழுதினாள் என்பதுகூடச் சரியில்லை, பேசினாள். செல்போனிடம் பேசினால் அது எழுத்தாக்கிக் கொடுத்துவிடுகிறதே, அப்படி. டவுனில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற வானதி, ஒரு காலத்தில் அவளிடம் சாப்பிட்ட பெண்தான், பேசியதையெல்லாம் ஒழுங்குபண்ணி, அட்டை போட்டு, மின்நூலாக ஏற்றிவிட்டாள். மெட்ராஸுக்குப் பஸ் ஏறிப் பதிப்பகத்து வாசலில் தவம் கிடக்கிற வேலையெல்லாம் இப்போது ஏது? செவ்வாய்க்கிழமை ஏற்றினாள், வியாழக்கிழமை உலகம் பூராவும் கிடைத்தது. இருநூற்றுப் பதினாலு பக்கம். பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்கள் வாட்ஸப் குழுவில் வானதி அட்டைப்படத்தைப் போட, ஆளாளுக்கு வாழ்த்துச் சொன்னார்கள். அதில் எத்தனை பேர் படித்தார்கள் என்பது வேறு கதை.

அந்தப் புத்தகத்தில் ஒரே ஒரு பொய் இருந்தது.

அவளுக்கு ஒரே மகன், பரணிதரன். நாகப்பட்டினத்துப் பெண் ஷமீராவைக் கட்டிக்கொண்டு கனடாவுக்குப் போனான். அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுப் படியேறக் கூடாது என்று சொல்லிவிட்டாள் பிரகதாம்பாள். ஏழு வருஷத்துக்கு முன்னால் அவன் அப்பா வீரையன் இறந்தபோது, புருஷனும் பெண்டாட்டியும் விழுந்தடித்துக்கொண்டு பறந்து வந்தார்கள். திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, "அம்மா, வந்துட்டோம்" என்று போன் பண்ணினான். வீடு நிறைய உறவுக்காரர்கள். பிரகதாம்பாள் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டு, "அவளோட வர்றதா இருந்தா வராதே" என்றாள். அவன் வரவில்லை. கொழுந்தன் மகன் கொள்ளி வைத்தான். ஊர் கேட்டபோது, பிள்ளைக்கு வர மனசில்லை என்று சொல்லிவிட்டாள். ஊரும் நம்பியது. அதற்குப் பிறகு பரணி போன் நம்பரை மாற்றிவிட்டான். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். இந்த வீட்டில் அது தலைகீழ்.

புத்தகத்திலும் ஊருக்குச் சொன்னதையே சொல்லிவைத்தாள். நூற்று முப்பத்து நாலாம் பக்கம்: "அப்பன் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூட மகன் வரவில்லை. வளர்த்த பாவத்துக்கு நானே அழுதேன்."

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு நாள், வானதி கடையில் கம்ப்யூட்டரைக் காட்டினாள். எந்த நாட்டில் அன்றைக்கு எத்தனை பக்கம் படித்திருக்கிறார்கள் என்று அதில் தெரியும். யார் என்று மட்டும் தெரியாது. இந்தியா என்ற இடத்தில் ஏதோ கொஞ்சம். கனடா என்ற இடத்தில் பன்னிரண்டு. முந்தின நாள் ஒன்பது. அதற்கு முந்தின நாள் பதினாலு. ஆரம்பத்திலிருந்து மொத்தம் எழுபத்தொன்று.

பிரகதாம்பாள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வேறு யாராகவும் இருக்கலாம் டீச்சர் என்று வானதி சொல்லிப் பார்த்தாள். கனடாவில் இருக்கிற எவனுக்கு என் சாம்பார்ப் பொடி கணக்கைப் படிக்கணும்னு தலையெழுத்து என்று கேட்டுவிட்டாள் இவள்.

சந்தோஷம் ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை. அவன் இப்போது எழுபத்தொன்றில் இருக்கிறான். நடந்து வருகிறான். நூற்று முப்பத்து நாலில் அவள் பொய்யோடு உட்கார்ந்திருக்கிறாள்.

மாற்ற முடியுமா என்று கேட்டாள். தாராளமாக முடியும் என்றாள் வானதி. அச்சடித்த புத்தகம் என்றால் ஆயிரம் பிரதியையும் அடித்துத் திருத்த வேண்டும். இது அப்படியில்லை, புதுசை ஏற்றினால் பழசு போய்விடும். கொட்டின வார்த்தையை அள்ள முடியாது என்று யார் சொன்னது, அள்ளலாம் போலிருக்கிறதே என்று பிரகதாம்பாள் வாய்விட்டுச் சிரித்தாள்.

இரண்டு நாள் சோறு தண்ணி நினைப்பில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு, பேச வராமல் அழுது, மறுபடி பேசினாள். பஸ் ஸ்டாண்டு, கொல்லைப்பக்கம், தான் சொன்ன அந்த வார்த்தை, எல்லாம் சொன்னாள். ஷமீரா பேரை ஏழு வருஷத்தில் முதல் தடவையாக வாயால் சொன்னாள். "என் பிள்ளை வந்தான். நான்தான் திருப்பி அனுப்பினேன். என் வீம்பு என் புருஷனுக்குக் கொள்ளி வைக்கப் பிள்ளையில்லாமல் பண்ணிவிட்டது." இது வெளியே தெரிந்தால் கொழுந்தன் குடும்பம் காறித் துப்பும் என்று தெரியும். துப்பட்டும் என்றாள்.

புதுசு ஏறியபோது கனடா நூற்று நாலில் இருந்தது. முந்திக்கொண்டோம் என்று வானதியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு தினமும் காலையில் கடை திறக்கிற நேரத்துக்கு வந்துவிடுவாள். நூற்றுப் பதினாறு. நூற்று இருபத்தெட்டு. அடுத்த நாள் ஆறே பக்கம். நூற்று முப்பத்து நாலு.

அதற்கு மறுநாள் பூஜ்யம். அதற்கும் மறுநாள் பூஜ்யம்.

படிச்சுட்டான், மனசு கலங்கியிருக்கும், நேரமாகும் என்றாள். கொல்லைக்குப் போனாலும் போன் கூடவே போனது. தீபாவளிக்கு அதிரசம் சுட்டு ஒரு டப்பாவைத் தனியாக எடுத்து வைத்தாள். ஷமீராவுக்கு அதிரசம் பிடிக்குமோ பிடிக்காதோ, நமக்கென்ன தெரியும், கேட்டாவது வைத்தோமா என்று புலம்பினாள். தீபாவளியும் போனது. போன் அடித்ததெல்லாம் விளம்பரக்காரர்கள்.

கார்த்திகையில் ஒரு நாள் வானதி கடையைச் சாத்திவிட்டு நேராக வீட்டுக்கே வந்தாள். புத்தகத்துக்குக் கீழே ஒரு கருத்து வந்திருந்தது. பேர் இல்லை. வானதி வாசித்தாள்.

"இதில் ஒரு பொய் இருக்கிறது. மகன் வந்தான். மனைவியோடு திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்டு வரை வந்தான். வராதே என்றது அம்மா. இதையாவது உண்மையாக எழுதியிருப்பார் என்று நினைத்துத்தான் படித்தேன். இதற்கு மேல் படிக்க முடியவில்லை."

"அதைத்தானே பாப்பா நான் எழுதியிருக்கேன்?" என்றாள் பிரகதாம்பாள்.

வானதிக்கு விஷயம் அன்றைக்குத்தான் தெரிந்திருந்தது. அவளும் இதற்கு முன்னால் ஏற்றிய புத்தகத்தை மாற்றியவள் இல்லை. புதுசாக எடுக்கிறவர்களுக்குத்தான் புதுப் பிரதி போகும். ஏற்கெனவே இறக்கி வைத்திருப்பவர் கையில் பழசு பழசாகவே இருக்கும். தலையைக் குனிந்துகொண்டு இதைச் சொல்லி முடித்தாள். பிரகதாம்பாள் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று வானதிக்கு இருந்தது.

அந்தக் கருத்துக்குப் பதில் எழுத அங்கே வழியில்லை. முகநூலில் தேடினால் பரணிதரன் என்று நாற்பது பேர், ஒன்றிலும் அவன் முகமில்லை. கடைசியாக ஒரு வழி இருந்தது. பெரிய பிழை இருந்தால், முன்பு வாங்கியவர்களுக்கும் புதுப் பிரதியை அனுப்பச் சொல்லி மின்நூலை விற்கிற கம்பெனிக்கு எழுதலாம். என்ன பிழை என்று பட்டியல் கொடுத்திருந்தார்கள்: எழுத்துப் பிழை, பக்கம் விடுபட்டது, படம் தெரியவில்லை. பொய் என்று ஒன்று அதில் இல்லை. இதர காரணம் என்ற இடத்தில், ஆசிரியர் தன் மகனைப் பற்றிப் பொய் எழுதிவிட்டார் என்று வானதி இங்கிலீஷில் எழுதி அனுப்பினாள்.

ஐந்தாம் நாள் பதில் வந்தது. அதற்குள் புதுப் பிரதி ஊரில் நாலைந்து பேர் கைக்குப் போய், கொழுந்தன் வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. பிரகதாம்பாள் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, கம்பெனி என்ன சொல்கிறது என்று மட்டும் கேட்டாள்.

வானதி தமிழில் சொன்னாள். புத்தகத்தைப் பரிசோதித்தார்களாம். இப்போதுள்ள பிரதியில் பிழை எதுவும் இல்லையாம். அதனால் யாருக்கும் அனுப்ப வேண்டிய அவசியம் இல்லையாம்.

"சரியாத்தானே சொல்றாங்க" என்றாள் பிரகதாம்பாள். "ஊருக்கெல்லாம் உண்மையைக் கொடுத்துட்டேன். பொய் இருக்கிறது என் பிள்ளைகிட்ட மட்டும்தானே."