மழைக்கு மறுநாள் போட்ட விலை

தொண்ணூறுகளின் பிற்பகுதி. வீட்டுக் கடனைத் தனியார் நிதி நிறுவனத்திலிருந்து வங்கிக்கு மாற்றிக்கொண்டால் வட்டி குறையும் என்று என் கணவருக்கு அவருடைய தொழிற்சாலையில் யாரோ சொன்னார்கள். அந்தத் தொழிற்சாலை பாடியில்; அவர் அங்கே ஃபிட்டர். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனியில் சூப்பர்வைசர். இரண்டு சம்பளத்தில் ஒன்று கிட்டத்தட்ட முழுசாகத் தவணைக்கே போய்க்கொண்டிருந்தது. மாற்றிவிடுவது என்று முடிவு செய்தோம்.

வங்கிக்காரர்கள் வீட்டை மதிப்பிட ஒரு வேல்யுவரை அனுப்புவதாகச் சொன்னார்கள். அவர் சொன்ன நாளுக்கு முன்னாலேயே வந்து போய்விட்டார். நாங்கள் இருவருமே வேலையில் இருந்தோம். முந்தின நாள் பெய்த ஐப்பசி மழையில் கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெரு முழங்கால் தண்ணீரில் நின்றது. எதிர்வீட்டு லாரி டிரைவர்தான் அவரைப் பார்த்திருக்கிறார்.

"பேண்ட்ட மடிச்சி உட்டுக்கினு தெருமுனைலயே நின்னாரு. அப்டியே உங்க ஊட்ட ஒரு பார்வ பாத்தாரு, போய்க்கினே இருந்தாரு" என்றார்.

அடுத்த வாரம் நாங்கள் வங்கிக்குப் போனபோது மேனேஜர், வேல்யுவர் போட்ட தொகையைச் சொன்னார். நாங்கள் நினைத்திருந்ததில் பாதிக்குக் கொஞ்சம் மேல். அதை வைத்து வங்கி தரும் கடன், பழைய கடனை அடைக்கக்கூடக் காணாது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது என் கணவர் விரல் விட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் ஹாலில் நின்று சுவரையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ இதுல இவ்வளவு காசைப் போட்டு நாமதான் ஏமாந்துட்டோமா?" என்று கேட்டார்.

"அவர் உள்ளயே வரலைங்க."

"படிச்ச எஞ்சினியர். வெளியிலிருந்து பார்த்தாலே தெரியாதா அவருக்கு?"

அதற்குப் பிறகு பல நாட்கள் அவர் வீட்டில் ஒரு விருந்தாளியைப் போல இருந்தார். ஞாயிற்றுக்கிழமையானால் ஒரு தாழ்ப்பாளையாவது கழற்றி மாட்டாமல் இருக்க முடியாத மனிதர், சமையலறைக் குழாய் ஒழுகுவதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனார். கடன் கிடைக்காததைவிட அதுதான் என்னை உறுத்தியது. யாரோ ஒருவர் போட்ட ஓர் எண், அவர் கண்ணில் அவருடைய வீட்டையே சின்னதாக்கிவிட்டது.

வெளித்தோற்றத்துக்கு எங்கள் வீடு ஏழைதான். அதற்குக் காரணம் நான். மனை வாங்கியதிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் போய், தண்ணீர் எதுவரை ஏறுகிறது என்று பார்த்து வைத்திருந்தேன். வீடு நிற்கும் பேஸ்மட்டத்தை ரோட்டிலிருந்து நாலடி உயர்த்தாமல் கட்டக்கூடாது என்று நின்றேன். "கப்பலா கட்டப்போறீங்க?" என்று மேஸ்திரி சிரித்தார். மண்ணும் கருங்கல்லும் கொட்டிக் கொட்டியே கையிருப்பில் பெரும்பகுதி தரைக்கு அடியில் போய்விட்டது. முகப்புக்குப் பெயிண்ட் இல்லை, பக்கச் சுவர்களுக்குப் பூச்சு இல்லை. தெருமுனையிலிருந்து பார்ப்பவருக்குச் செங்கல் தெரியும், அடியில் இருப்பது தெரியாது.

அரைநாள் பெர்மிஷன் போட்டுவிட்டு நான் மட்டும் வங்கிக்குப் போனேன்.

"ரிப்போர்ட் வந்தப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்றார் மேனேஜர்.

"வீட்டுக்குள்ள காலே வைக்காம எப்படி சார் ரிப்போர்ட் வரும்? உள்ள எத்தனை ரூம் இருக்குன்னு அதுல என்ன எழுதியிருக்காங்க?"

அவர் ஃபைலைப் புரட்டினார். ஒரு ஹால், ஒரு அறை என்றிருந்தது. பின்பக்க அறையும் சமையலறைக்குப் பக்கத்து அறையும் அதில் இல்லவே இல்லை. அவர் முகம் லேசாக மாறியது. போனை எடுத்தார். பேசி முடித்து, "ஞாயித்துக்கிழமை திரும்ப வர்றார். ரெண்டு பேரும் வீட்ல இருங்க" என்றார்.

வேல்யுவர் ஸ்கூட்டரில் வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. புகார் செய்துவிட்டேன் என்ற கோபம் முகத்தில் இருந்தது. தண்ணீர் கொடுத்தேன், வேண்டாம் என்றார். ஆனால் இந்த முறை ஒழுங்காக அளந்தார். டேப்பின் மறுமுனையை என் கணவர் பிடித்துக்கொண்டார். ரிப்போர்ட்டில் விட்டுப்போன இரண்டு அறைகளையும் அளந்தபோது வேல்யுவர் என் பக்கம் திரும்பவில்லை.

பேஸ்மட்டத்துக்குப் போட்ட காசை நான் எடுத்துச் சொன்னதும், வாசலில் நின்று சொன்னார்: "உங்க செலவு எனக்குப் புரியுதும்மா. ஆனா நீங்க போட்ட காசுக்கு நான் விலை போடறதில்ல. நாளைக்கு நீங்க தவணை கட்டலைன்னா பேங்க் இத விக்கணும். தண்ணி நிக்கிற தெருவுல யார் வந்து வாங்குவான்? அதத்தான் நான் பார்க்கணும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பதில் எதிர்வீட்டிலிருந்து வந்தது.

"நான் வாங்கிக்கிறேன் சார்!" லாரி டிரைவர் லுங்கியை மடித்துக் கட்டியபடி தெருவைத் தாண்டி வந்தார். "மழ வந்தா இந்தத் தெருவுல எல்லா ஊட்லயும் தண்ணி பூந்துக்கும். இந்த ஒரு ஊட்லதான் பூராது. போன மழைல என் பொண்டாட்டி புள்ளைங்க, பக்கத்து ஊட்டு பாய் ஊட்டுக்காரங்க, அல்லாரும் இங்கதான் படுத்துக்கினு கெடந்தோம். விலைக்கு வந்தா மொத ஆளு நான்தான். எப்ப சார் விக்கப் போறீங்க?"

"யார் விக்கிறாங்க? நாங்க விக்கலைங்க!" என்றார் என் கணவர் பதறிப்போய். சில வாரங்களுக்குப் பிறகு அவர் இந்த வீட்டைப் பற்றிக் குரல் உயர்த்தியது அப்போதுதான்.

வேல்யுவர் சிரித்துவிட்டார். கீழே இறங்கி, பேஸ்மட்டத்தில் டேப்பை வைத்து உயரத்தைப் பார்த்தார். எதிர்வீட்டுச் சுவரில் படிந்திருந்த தண்ணீர்க் கறையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "அன்னிக்கு நான் உள்ள வந்திருக்கணும்" என்றார்.

புது மதிப்பு நான் கேட்ட அளவுக்கு வரவில்லை. தெரு தாழ்வான தெரு என்பதற்காகக் கழித்தது கழித்ததாகவே இருந்தது. ஆனாலும் அறைகள் எண்ணிக்கையில் சேர்ந்தன, பேஸ்மட்டத்துக்கும் ஏதோ போட்டிருந்தார். பற்றாமல் போன பணத்துக்கு என் கணவர் பி.எஃப்.பில் லோன் போட்டார். பழைய கடனை அடைத்தோம். தவணை குறைந்தது. அடுத்த வருஷம் பக்கச் சுவர்களுக்குப் பூச்சு வேலை நடந்தபோது அவர் லீவு போட்டுவிட்டு மேஸ்திரியின் கூடவே நின்றார்.

எனக்கு மட்டும் ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. தெருவில் நடக்கும்போது ஒவ்வொரு வீட்டையும் பார்த்து, இதற்கு அந்த வேல்யுவர் என்ன விலை போடுவார் என்று மனசு கணக்குப் போடும். சென்னீர்குப்பத்தில் என் நாத்தனார் ஆசை ஆசையாகக் கட்டிய வீட்டின் கிரகப்பிரவேசத்துக்குப் போனேன். பால் பொங்குவதைப் பார்க்காமல் தரை மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "என்ன அண்ணி, வீடு பிடிக்கலையா?" என்று அவள் கேட்டபோது தலை குனிந்துவிட்டது. அந்தப் பழக்கம் போக வெகுநாள் ஆயிற்று.