பெரியப்பா கிணற்றில் தலை நீட்டிய ராடு

அந்தக் கோடையில் எங்கள் கிணற்றில் தவளை குதித்தால் பாறையில்தான் விழும். தோட்டத்தில் அரை ஏக்கர் சின்ன வெங்காயம் நின்றது. இன்னும் இரண்டு தண்ணீர் பாய்ந்தால் காய் திரண்டுவிடும்.

சைடு போர் போடுவதென்று அப்பா முடிவெடுத்தார். கிணற்றுக்குள் இறங்கி, பக்கச் சுவரில் படுக்கைவாட்டில் பாறையைத் துளைத்துக்கொண்டே போவது. உள்ளங்கையில் தேங்காயை நிறுத்தி நடந்து ஊற்றுப் பார்த்தவர், நேர் வடக்கே போகச் சொன்னார். நேர் வடக்கே நூற்று நாற்பதடியில் இருந்தது பெரியப்பாவின் கிணறு. அதில் இடுப்பளவுத் தண்ணீர் கிடந்தது.

"எங்கெணத்துத் தண்ணியக் குழாய் வெச்சு உறிஞ்சலாம்னு பாக்கறயா தம்பி?" என்றார் பெரியப்பா.

அப்போது நான் பெண்கள் பள்ளியில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் அஞ்சாவதைத் தாண்டிய முதல் ஆள். அதை யாரும் மறந்துவிடாமல் பார்த்துக்கொண்டேன். இரண்டு கிணற்றையும் கயிறு விட்டு அளந்து, கிராஃப் தாளில் படம் போட்டு அவரிடம் நீட்டினேன். எங்கள் கிணறு அறுபதடி, அவருடையது ஐம்பது. எங்கள் அடியிலிருந்து இரண்டடி மேலே துளைத்தால், அவர் கிணற்றுக்கு எட்டடி கீழே போய்விடும்.

பெரியப்பா தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "சரி, படிச்ச புள்ள சொல்லுது. ஒரு சொட்டு இங்கிருந்து போச்சுன்னா போரை அடைச்சிரோணும்" என்றார். அப்பா வாக்குக் கொடுத்தார்.

திருச்செங்கோட்டுப் பக்கத்து டிரில்லர் ஒருவர், டிராக்டரில் கம்பிரசரும் இரண்டு ஆட்களுமாக வந்தார். அஞ்சடி ராடுகளை ஒன்றோடொன்று மாட்டி உள்ளே செலுத்தினார்கள். நான் மேலே உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். பதினேழாவது ராடில் வெள்ளைத் தூள் சேறாக மாறியது. அப்பா தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னுங் கொஞ்சம் போட்டுப் பாருங்க" என்றார்.

இருபத்தெட்டாவது ராடு, வெண்ணெயில் போவதுபோல் சட்டென்று போனது. கம்பிரசரை நிறுத்தினார்கள். அந்த அமைதியில் வடக்கேயிருந்து பெரியப்பாவின் குரல் நிதானமாக வந்தது.

"ஏனுங்க, உங்க கம்பி எங்கெணத்துக்குள்ள வந்து எட்டிப் பாக்குதுங்க. சோறு தண்ணி ஏதாச்சும் வேணுமான்னு கேளுங்க."

எனக்குக் காது சுட்டது. கிணற்றுக்குள் குனிந்து டிரில்லரிடம் கேட்டேன். "எட்டடி கீழதானே போகோணும்?"

"தண்ணி வெளிய வடியோணும்னு அஞ்சடிக்கு நாலு இஞ்சு ஏத்தம் வெச்சுத்தானுங்க சாமி போடுவோம்."

"அதை ஏன் முன்னாலயே சொல்லல?"

"நீங்க கேக்கலீங்களே. நோட்டும் பென்சிலுமா இருந்தீங்க, தெரியாமயா இருக்கும்னு உட்டுட்டேன்."

இருபத்தெட்டு ராடுக்கு நூற்றுப் பன்னிரண்டு இஞ்சு. ஒன்பதடிக்கு மேல் ஏற்றம்; என் எட்டடியை விழுங்கிவிட்டது. மனக்கணக்கிலேயே வந்துவிட்டது.

ராடை உருவினால் பெரியப்பாவின் தண்ணீரில் பாதிக்கு மேல் எங்களிடம் இறங்கிவிடும். எங்கள் பக்கம் அடைத்தால் எங்கள் ஊற்றும் நின்றுபோகும். அவர் பக்கம் அடைத்தால் தண்ணீரே ஆப்பை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். வேப்பங்கட்டையைச் சீவிச் சாக்கைச் சுற்றி, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பெரியப்பா கிணற்றில் நானே இறங்கினேன்.

"கணக்கு வாத்தியாரம்மா குளிக்கப் போறாங்க, வழி உடுங்க" என்றார் பெரியம்மா.

ராடு பின்வாங்கிய கணத்தில் ஆப்பைச் செருகிச் சுத்தியால் அடித்தேன். மூன்றாவது அடியில் கையை இழுத்த நீர் நின்றது.

எங்கள் கிணற்றில் துளையிலிருந்து கட்டைவிரல் கனத்துக்குத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அது பதினேழாவது ராடின் ஊற்றா, அவருடைய தண்ணீரா? ஆப்பு கசியவில்லை என்பதைப் பெரியப்பா நம்பவில்லை. தன் கிணற்றுச் சுவரில் தண்ணீர் தொட்ட இடத்தில் கரிக்கட்டையால் கோடு கிழித்துவிட்டு, அதற்கு மேல் படியில் உட்கார்ந்துகொண்டார். அப்பா மோட்டார் பக்கமே போகவில்லை. மத்தியானச் சோற்றைப் பெரியம்மா படிக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்.

பொழுது சாயும் நேரம் கோடு அப்படியே இருந்தது. எங்கள் கிணற்றில் முழங்காலளவு நின்றது.

"தம்பி, வெங்காயத்துக்கு உடு" என்று பெரியப்பா கிணற்றுக்குள்ளிருந்தே சொன்னார்.

மோட்டார் ஓடியது. நான் மண்வெட்டியோடு வாய்க்காலுக்கு ஓடினேன். கடைசிப் பாத்திக்கு மடை திருப்பும்போதும் பெரியப்பா கோட்டையே பார்த்துக்கொண்டு அந்தப் படியில் உட்கார்ந்திருந்தார்.