மேஜையில் ஊன்றிய முழங்கை

அந்த வீட்டில் யாரும் மேஜையில் முழங்கை ஊன்றிச் சாப்பிட்டதில்லை. பார்ப்பவர்கள் அதை நல்ல வளர்ப்பு என்றார்கள். வீட்டுக்காரர்களும் மறுக்கவில்லை. உள்விவகாரம் என்னவென்றால், அந்த மேஜை எந்த நிமிடமும் விலைபோய்விடக்கூடியது. முழங்கை பட்ட இடத்தில் பாலிஷ் மங்கும். மங்கினால் வாங்க வந்தவருக்குப் பேரம் பேச வாய் நீளும்.

முன்பக்கம் மரச்சாமான் கடை, பின்பக்கம் வீடு. நடுவில் ஒரு திரை, அதுவும் பெயருக்கு. சாமான்களை வரிசையாக நிறுத்தினால் கிடங்கு மாதிரி இருக்கும், ஒரு குடும்பம் அவற்றில் புழங்கினால்தான் பார்ப்பவருக்கு ஆசை வரும் என்பது அப்பாவின் கொள்கை. ஆகவே குடும்பம் புழங்கியது.

"நாம உட்கார்ந்தா அது நாற்காலி. எழுந்தா அது சரக்கு. அதனால டக்குனு எழுந்திரிக்கக் கத்துக்குங்க" என்பார்.

கற்றுக்கொண்டார்கள். திரை வளையம் கிணுகிணுத்தால் போதும், எல்லா முழங்கைகளும் ஒரே சமயத்தில் உயரும், தட்டுகள் கைக்கு வரும், அம்மாவின் தோளில் கிடக்கும் துணி ஒரே இழுப்பில் மேஜையைத் துடைத்துவிடும். பிறகு எல்லோரும் சுவரோரம் தட்டோடு நின்று சிரிப்பார்கள். வாங்குகிறவருக்குச் சந்தோஷமான குடும்பத்தைப் பார்த்த மாதிரி இருக்கும். மேஜை வண்டி ஏறியதும் குடும்பம் தரையில் உட்கார்ந்து மிச்சத்தைச் சாப்பிடும்.

மூத்த பெண் எட்டாம் வகுப்போடு நின்றாள். படிப்பு ஏறவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கை அவ்வளவு நன்றாக இருந்தது, அதுதான் காரணம். உப்புத்தாளை மர ரேகை ஓடும் போக்கிலேயே இழுப்பாள், ஒரு தடவைகூடக் குறுக்கே போகாது. பாலிஷ் காய்வதற்குள் ஈ உட்கார்ந்துவிட்டால் அன்று முழுக்க யாரிடமும் பேசமாட்டாள்.

தம்பி அவள் கைக்கு வந்த கதை தனி. அவன் படுத்திருந்த தொட்டில் ஒரு மாலையில் விலைபோயிற்று. வாங்கியவர்கள் அவசரக்காரர்கள். அம்மா அடுப்படியில் இருந்தாள். அப்பா குழந்தையைத் தூக்கிப் பக்கத்தில் நின்ற அக்காவின் கையில் கொடுத்துவிட்டு, தொட்டிலின் ஒரு முனையைப் பிடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்து வாங்கிக்கொள்ள மறந்தார். அன்றிலிருந்து தம்பி அக்காவின் பொறுப்பு. அவனிடம் என்ன நல்லது தென்பட்டாலும் அது தன் வளர்ப்பு என்று அவள் நினைப்பதில் நியாயம் இருந்தது. கெட்டது எதுவும் அவளுக்குத் தென்படவில்லை.

வீடு அவனைச் செதுக்கிற்று. மேஜை போவதற்குள் கணக்கை முடிக்க வேண்டும் என்பதால் கணக்கில் புலியானான். ஒருமுறை வீட்டுப்பாட நோட்டு மேஜை இழுப்பறையிலேயே தங்கிவிட, மேஜை போய்விட்டது. அக்கா வாங்கியவர் வீட்டைத் தேடிப் போய் நோட்டை மீட்டு வந்தாள். போன இடத்தில் அந்த மேஜைக்கு இரண்டு நாற்காலிகளும் விற்றுவிட்டு வந்தாள். பள்ளியில் வாசலில் நிழல் விழுந்தாலே அவன்தான் முதலில் எழுவான். மற்றப் பிள்ளைகள் அவனுக்கு 'ஸ்பிரிங்' என்று பெயர் வைத்தார்கள். ஆசிரியர்கள் மரியாதைக்கான பரிசு கொடுத்தார்கள். பரிசை வாங்கும்போது, வந்தவர் பெஞ்சைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்தேன் என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை.

இப்படி வளர்ந்தவன் பெரிய மரச்சாமான் காட்சியகத்தில் விற்பனையாளனாகி, கிளை மேலாளராகவும் ஆனதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. நிறுவனம் வரவழைத்த முன்னேற்றப் பேச்சாளர் ஒருவர், "உங்கள் வீட்டில் ஒரு மேஜையை இடம் மாற்றுங்கள், உங்கள் பழக்கம் மாறும், வாழ்க்கையே மாறும்" என்று முழங்கியபோது, "எங்க வீட்ல தினமும் மாத்தினோம் சார்" என்று எழுந்து நின்று சொன்னவன் அவன்தான். பேச்சாளர் கைதட்டச் சொன்னார்.

பிறகு கல்யாணம் ஆயிற்று. வந்தவள் மருந்துக்கடையில் மருந்தாளர். அவள் வளர்ந்த வீடு இதற்கு நேர்மாறு. அவள் அப்பா தபால் அலுவலகத்தில் முத்திரை குத்தியே ஓய்வு பெற்றவர். அவர் வீட்டில் எதுவும் அசையாது. அவருடைய சாய்வு நாற்காலியில் அவர் இல்லாதபோதும் அவர் உட்கார்ந்திருக்கிற மாதிரியே குழி இருக்கும். இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் அவள் எதிலும் இடித்துக்கொள்ளாமல் வளர்ந்தாள். அவனோ தனிவீட்டிலும் யாராவது கேட்டால் சாமானை விற்றுவிடுவான்; அங்கே வந்த பிறகு அவள் இரண்டு முழங்காலிலும் கன்றிய நீலம் ஆறவே இல்லை. நேற்று அலமாரி இருந்த இடத்தில் இன்று ஸ்டூல்.

அவன் பாலிதீன் உறை பிரிக்காத மெத்தைகளில் படுத்து வளர்ந்தவன். அந்தச் சரசரப்பு இல்லாமல் தூக்கம் வராது என்று விரிப்புக்கு அடியில் பாலிதீன் போட்டான். அவள் எலி என்று பயந்து ஒரு வாரம் தூங்கவில்லை. அதைப் பொறுத்தாள். அலமாரி நன்றாக இருக்கிறது என்று யாரோ சொல்லிவிட, வேலை முடிந்து வந்தபோது அவளுடைய துணிகள் அட்டைப்பெட்டியில் அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தன. அதையும் பொறுத்தாள். கடைசியில் காய்ச்சலில் படுத்திருந்தபோது அடுத்த வீட்டுக்காரர் நலம் விசாரிக்க வந்து, "கட்டில் கெட்டியா இருக்கே" என்றார். கொஞ்ச நேரத்தில் அவள் நெற்றியில் மெதுவாக ஒரு கை பட்டது. புருஷனுடைய கை.

"கண்ணு, கொஞ்சம் அந்தப் பக்கம் புரண்டு படுக்கிறியா? அளவு எடுக்கணும்."

காய்ச்சல் விட்ட அன்றே அவள் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது சொன்னது இதுதான்: "இந்த வீட்ல ஒரே ஒரு சாமானாவது நிலையா நிக்கட்டும். அன்னைக்கு நானும் வந்து நிக்கறேன்."

தம்பி அக்காவிடம் வந்தான். அப்பா காலமான பிறகு கடை அவள் பொறுப்பில் இருந்தது. அவள் ஒரு நாற்காலிக் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு கட்டிலுக்காகவா போயிட்டா?"

"ஆமாக்கா."

"நல்ல விலைக்குத்தானே குடுத்தே?"

"நல்ல விலைக்குத்தான்."

"அப்புறம் என்னடா குறை அவளுக்கு?"

அவன் உட்காராமல் சுவரோரம் நின்றான். "அவ இல்லாம எனக்குத் தூக்கமே வரலக்கா."

"கட்டிலையே வித்துட்டே, தூக்கம் எங்கேயிருந்து வரும்?" என்றவள், அவன் முகத்தைப் பார்த்ததும் உப்புத்தாளைக் கீழே வைத்தாள். தொட்டில் போன அன்று கையில் வந்தபோது இருந்த அதே முகம். அழுவதா வேண்டாமா என்று யோசிக்கிற முகம்.

"ஞாயித்துக்கிழமை அவளும் மாமாவும் சாப்பிட வர்றாங்க. வீட்டைப் பார்க்கணுமாம். பார்த்துட்டுத்தான் அவ இருக்கறதா போறதான்னு முடிவு. இது கடைசி தடவைன்னு சொல்லிட்டாக்கா."

"சரி, அழாதே. ஒரு சாமான் நிக்கணும், அவ்வளவுதானே? நிக்க வச்சிடலாம்" என்றாள் அக்கா.

கடையிலேயே சிறந்த மேஜையைத் தேர்ந்தெடுத்தாள். தேக்கு. ஒரே மரத்தில் அறுத்த பலகைகள். அவளே பாலிஷ் போட்டது, ஈ உட்காராதது. அதைத் தம்பி வீட்டுக்கு அனுப்பும் முன் அவனுக்குப் பயிற்சி கொடுத்தாள். அவனை மேஜை முன் உட்கார வைத்தாள். தான் திரைக்கு வெளியே போய், வாடிக்கையாளர் மாதிரி உள்ளே வந்தாள்.

"இந்த மேஜை என்ன விலைங்க?"

"வாங்கம்மா, முதல்ல கையால தடவிப் பாருங்க..."

"டேய்!"

மறுபடி போனாள். மறுபடி வந்தாள். விலை சொல்லாமல் இருந்தான், ஆனால் எழுந்துவிட்டான். மறுபடி. எழவில்லை, ஆனால் முழங்கை தானாக உயர்ந்தது. அக்கா அவன் இரண்டு தோளையும் அழுத்திப் பிடித்து, "விலை தெரியாதுன்னு சொல்லு" என்றாள். விலை தெரியாது என்று சொல்வது அந்தக் குடும்பத்தில் கெட்ட வார்த்தைக்குச் சமம். சொல்லிவிட்டு அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"அவ்வளவுதான்டா. இதுல என்ன கஷ்டம்?" என்றாள் அக்கா, கஷ்டம் என்னவென்றே புரியாதவளாக.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தம்பி மனைவி உள்ளே வந்தாள். ஆனால் கையில் இருந்த பையை வாசலிலேயே, செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள். அக்கா அதைப் பார்த்தாள். தம்பியும் பார்த்தான். மாமனார் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பார்க்க அதிகம் இல்லை. மேஜை மட்டும் நடுக்கூடத்தில், தண்ணீர் மாதிரி மினுங்கிக்கொண்டு நின்றது.

நால்வரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மாமனார் இரண்டு வாய் சாப்பிட்டதும் இடது கையால் மேஜையைத் தடவினார்.

"நல்ல மரமா இருக்கே. என்ன விலை இருக்கும் மாப்பிள்ளை?"

தம்பி மனைவி மெல்லுவதை நிறுத்தினாள்.  தம்பி தன் தட்டையே பார்த்தபடி சொன்னான்:

"தெரியாதுங்க மாமா."

தம்பி மனைவியின் தோள் தளர்ந்தது. அவள் வாசல் பக்கம், பை இருந்த திசையில், ஒருமுறை பார்த்தாள். எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும்.

"தெரியாதா?" என்றாள் அக்கா.

அவளால் பொறுக்க முடியவில்லை. ஒரே மரத்துப் பலகை. ஈ உட்காராத பாலிஷ். அதற்கு விலை தெரியாதாமே! "அவன் சின்னப் பையன், அவனுக்கு என்ன தெரியும்? குனிஞ்சு ஓரத்தைப் பாருங்க மாமா. ரேகை ஒடையாம ஓடுது பாருங்க. வெளியில நான் சொல்ற விலைக்கு இதோட காலுதான் வாங்கலாம். உங்களுக்குன்னா நான் குறைச்சுக்கறேன்."

மாமனார் வாழ்நாளில் எதையும் மாற்றாதவர். இதுவரை அவரிடம் யாரும் எதையும் விற்க முயன்றதும் இல்லை. குனிந்தார், ஓரத்தைப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் புதிதாக ஒரு வெளிச்சம்.

"எவ்வளவு குறைப்பே?"

"அப்பா!" என்றாள் மகள்.

"சும்மா கேக்கறேன்மா. நம்ம வீட்டு மேஜை ஆடுது இல்ல? உங்கம்மா காலத்துலேருந்தே ஆடுது."

பேரம் சூடு பிடித்தது. அவர் ஒன்று சொல்ல, இவள் ஒன்று சொல்ல, நடுவில் ஒரு இடத்தில் இருவரும் சந்தித்தார்கள். "படிஞ்சுது" என்றாள் அக்கா. சொன்ன வேகத்தில் எழுந்தாள். தன் தட்டையும் தம்பி மனைவியின் தட்டையும் கையில் எடுத்துக்கொண்டு சுவரோரம் போய் நின்று சிரித்தாள். மாமனாரும் எதற்கென்று தெரியாமல் தட்டோடு எழுந்தார். தம்பி மனைவி வெறும் கையோடு எழுந்து வாசலைப் பார்த்து நடந்தாள்.

"கையை எடுடா, தூக்கணும்" என்றாள் அக்கா தம்பியிடம்.

அவன் எழவில்லை. இரண்டு முழங்கையையும் மேஜையின் நடுவில், பாலிஷின் மேலேயே, அழுத்தி ஊன்றியிருந்தான். முழங்கைகள் மேலே வரத் துடிப்பது எல்லோருக்கும் தெரிந்தது. உள்ளே ஸ்பிரிங் இருப்பதுபோல மெல்ல எழும், அவன் மறுபடி அழுத்துவான்.

"கறை விழுதுடா!"

"விழட்டும்க்கா."

"வித்தாச்சுடா!"

"நீ வித்தே. நான் விக்கல. நான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்." "இந்த மேஜை போகாது. நான் எந்திரிக்க மாட்டேன்."

வாசலில் தம்பி மனைவி பையின் பிடியைத் தொட்ட கையோடு நின்றாள். புருஷனின் முழங்கைகளைப் பார்த்தாள். திரும்பி நடந்து வந்து அவனுக்கு எதிரில் உட்கார்ந்தாள். தன் இரண்டு முழங்கையையும் மேஜையில் வைத்தாள். முழங்கால் இழுப்பறையில் ஒருமுறை இடித்தது, ஆனால் அவள் நகரவில்லை.

"அண்ணி, என் தட்டைக் குடுங்க. நான் இன்னும் முடிக்கல."

அக்கா கையில் தட்டுகளோடு நின்றாள். தேக்கில் நான்கு வட்டமாக ஈரம் பூத்திருந்தது. அதைத் தேய்த்து எடுக்க இரண்டு முறையாவது உப்புத்தாள் போட வேண்டும் என்று மனம் கணக்குப் போட்டது. பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அழுவதா வேண்டாமா என்ற யோசனை அதில் இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தான், வாய் நிறைய.

"பார்த்தீங்களா மாமா, சொன்ன சொல்லு மாற மாட்டான். எல்லாம் நான் வளர்த்த வளர்ப்பு" என்றாள் பெருமையாக.

"அப்ப மேஜை?" என்றார் மாமனார், ஏமாந்த குரலில்.

"இதே மரத்துல இன்னொண்ணு கடையில இருக்கு. நாளைக்கே வீட்டுக்கு வந்துடும். உங்க பழைய மேஜையை நான் எடுத்துக்கறேன், கொஞ்சம் சேர்த்துக் குறைச்சுக்கலாம்."

"சாய்வு நாற்காலிக்கு எவ்வளவு குடுப்பே?"

"அப்பா, உட்காருங்க!" என்றாள் மகள். அவர் உட்கார்ந்தார்.

"அண்ணி, நீங்களும் உட்காருங்க. அதுக்கு முன்னாடி அந்தப் பையை மட்டும் உள்ளே வச்சிடுறீங்களா?"

அக்கா பையை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். வைக்க அலமாரி இல்லாததால், சுவரிலிருந்து விலக்கி, மூலைக்கு நேராக, கோணாமல் தரையில் வைத்தாள். வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். பாதி நாற்காலியில்தான் உட்கார்ந்தாள். தட்டு மடியில் இருந்தது. முழங்கைகள் காற்றில் இருந்தன. தெருவில் யாரோ நடந்து போனபோது, வாசலில் விழுந்து மறைந்த நிழலை அந்த மேஜையில் அவள் ஒருத்திதான் கவனித்தாள்.