வண்டி ஒட்டாதீர்

மருந்துக்கடைக் கவுண்டரில் நின்றபடி முப்பத்தாறாவது ஸ்டிக்கருக்கும் அவள் சுழி போட்டாள். பேனா ஒழுகி விரலெல்லாம் நீலம். “இம்மருந்தை உண்டபின் வண்டி ஒட்டாதீர்” என்று அச்சாகியிருந்தது. ஒவ்வொன்றிலும் ஓகாரம் சுழி இழந்து மொட்டையாக நின்றது.

போன வாரம் சாலைப் பாதுகாப்பு விழிப்புணர்வு வாரம். போக்குவரத்து அதிகாரி கடைக்கு வந்து இந்த ஸ்டிக்கர் தாளைக் கொடுத்து, அதைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு போனார். அவரும் படிக்கவில்லை, கூட வந்த நான்கு பேரும் படிக்கவில்லை. கடை முதலாளி படித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். ஒட்டாதே என்று எழுதி அதையே ஒட்டச் சொல்கிறார்கள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். ஒரே சிரிப்பு, ஒரு வாரமாக.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பதினான்கு வருடமாக அந்தக் கவுண்டரில் நிற்கிறாள். டாக்டர்களின் கோழிக்கிறுக்கலை வாசித்து வாசித்தே கண்ணாடி போட்டவள். எந்த மாத்திரை எத்தனை நிமிடத்தில் கண்ணைச் சொருக வைக்கும் என்று அவளுக்குத் தெரியும். வாங்குகிறவர்களிடம் சொல்லியும் பார்த்துவிட்டாள். தலையை ஆட்டிவிட்டு வாசலில் நிற்கும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போவார்கள்.

மதியம் இரண்டு மணிக்குத் தம்பி வந்தான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். மூக்கு ஒழுகிற்று. சட்டைக் கையால் துடைத்து அதே கையைக் கண்ணாடி மேசையில் ஊன்றினான். அவள் துணி எடுத்து அந்த இடத்தைத் துடைத்தாள். அவன் திரும்பவும் ஊன்றினான். சளிக்கு உடனே கேட்கிற மாத்திரை வேண்டுமாம். தூக்கம் வரவைக்காத மாத்திரை ஒன்று இருக்கிறது என்றாள். அதெல்லாம் தனக்குப் பிடிக்காது என்றான். பிள்ளைகளை இறக்கி விட்ட பிறகு ஒன்றே ஒன்று போட வேண்டும் என்று சொல்லி அட்டையை எடுத்தாள். தம்பிதானே, வாயால் சொன்னது போதாதா என்று, சுழி போடாத ஸ்டிக்கர் ஒன்றைக் கிழித்து மேலே ஒட்டிக் கொடுத்தாள்.

அவன் அங்கேயே இரண்டை வாயில் போட்டு, அவளுடைய பாட்டிலை வாய் வைத்துக் குடித்தான். பிறகு ஸ்டிக்கரைப் படித்தான்.

“வண்டி ஒட்டாதீர்னுதானே போட்டிருக்கு? நான் என்னக்கா, பசையா தடவப் போறேன்?”

முதலாளி மேசையைத் தட்டிச் சிரித்தார். தம்பிக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஸ்டிக்கரை உரித்துத் தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டு அப்படியே போனான்.

அவள் வேன் சொந்தக்காரருக்குப் போன் செய்தாள். திடீரென்று வேறு ஆளுக்கு எங்கே போவது என்றார் அவர். உன் தம்பி தூக்கத்திலேயே ஓட்டுவான், அவ்வளவு கைப்பழக்கம் என்றார். பாராட்டாகத்தான் சொன்னார்.

ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை. வியாபார நேரம் என்று முதலாளி முணுமுணுக்க, இறங்கி நடந்தாள்.

பள்ளிக்கூட வாசலில் வேன் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே பதினேழு பிள்ளைகள். தம்பி ஸ்டியரிங்கில் கன்னத்தை வைத்துத் தூங்கினான். வாய் திறந்திருந்தது. எச்சில் கோடாக இறங்கி ஹாரன் மேல் தேங்கியிருந்தது. ஒரு பிள்ளை பென்சிலால் அவன் காதைக் குடைந்தது. மற்றப் பிள்ளைகளெல்லாம் சிரித்தன. அட்டையை எடுத்துக் கொடுத்த கை அவளுடையது.

ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருகிப் பிடுங்கினாள். அவன் விழித்தான். நாக்குக் குழறிற்று.

“சும்மா கண்ண மூடினேன்க்கா. குடு சாவிய.”

“இறங்கு.”

“வேலை போயிடும்க்கா.”

“போகட்டும்.”

தலைமையாசிரியை சிரித்தமுகமாக வந்து, பெரிதுபடுத்த வேண்டாம், பள்ளிக்கூடத்துக்குப் பெயர் கெடும் என்றார். பெற்றோருக்குச் சொல்லி அனுப்பினார்கள். வேலையை விட்டு ஓடி வந்த ஒரு தகப்பனுக்கு அவள் மேல்தான் கோபம். “சாராயமா குடிச்சான்? சளி மாத்திரைதானேம்மா” என்றார். சுற்றி நின்றவர்கள் ஆமாம் என்றார்கள். ஒருத்தி, கூடப் பிறந்தவனையே காட்டிக்கொடுக்கிறாளே என்று காதில் விழும்படி சொன்னாள்.

“அந்த மாத்திரைய வித்தவ நான்தான். அதனாலதான் சொல்றேன்.”

அவரவர் பிள்ளையை அவரவர் கூட்டிக்கொண்டு போனார்கள். கடைசிப் பிள்ளை போகும்வரை சாவியை அவள் கொடுக்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வேன் வந்தது. வேன் சொந்தக்காரரின் மைத்துனர் ஓட்டினார். தம்பிக்கு வேலை போயிற்று. அம்மா போனில் அரை மணி நேரம் அழுதாள். தம்பி அவள் போனை எடுக்கவில்லை. அவள் ஒன்பது மணிக்குக் கடைக்குப் போனாள். பத்தரைக்குச் சரக்கு வந்தது. பெட்டிகளைப் பிரித்து அடுக்கினாள். ஒரு மணிக்குச் சாப்பிட்டாள். மதியம் கூட்டம் குறைவு.