நின்றவர்கள் எட்டு

பேருந்தில் ஆட்களை எண்ணுவது போலத்தான் அவர் பாடுகிறவர்களையும் எண்ணுவார். கடைசி வரிசையிலிருந்து தொடங்குவார். விரலை நீட்ட மாட்டார். மடக்கிய ஆள்காட்டி விரலின் கணு மட்டும் ஒவ்வொரு தலைக்கும் லேசாக அசையும். எண்ணி முடித்ததும் எல்லோருக்கும் கேட்கும்படி எண்ணிக்கையைச் சொல்வார். பிறகுதான் எழுதுவார். அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டியில் இல்லாத ஆளை ஒருநாளும் எழுதியதில்லை, இருந்த ஆளை விட்டதுமில்லை என்பது அவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் ஒரே பெருமை.

பாட்டைத் தொழிலாகக் கொள்ளாதவர்களின் குழுக்களுக்கென்று தில்லியில் ஒரு தேசியச் சம்மேளனம் இருந்தது. வேலை முடிந்து கூடிப் பாடுகிற எழுத்தர்கள், கடைக்காரர்கள், செவிலியர்கள் அதில் குழுக்குழுவாக உறுப்பினர்கள். பணிமனைத் தோழர்களின் குழுவைச் சேர்த்துவிடப் போனவரையே டெல்டா மாவட்டங்களுக்குப் பிரதிநிதியாக்கிவிட்டார்கள். சம்பளம் கிடையாது. ஆண்டுக்கொருமுறை ஒவ்வொரு குழுவையும் நேரில் கேட்டு, குறைந்தது ஒன்பது உறுப்பினர்கள் நின்று பாடினார்கள் என்று அவர் எழுதி அனுப்ப வேண்டும். அதன் பேரில் சான்றிதழ் புதுப்பிக்கப்படும். நான் அப்போது தஞ்சாவூரில் ஒரு நாளிதழின் நிருபர். அவரைப் பற்றிக் கட்டுரை எழுதுவதற்காகச் சில ஊர்களுக்கு அவரோடு பேருந்தில் போனேன்.

பெரும்பாலான குழுக்களுக்கு அந்தச் சான்றிதழ் சுவரில் மாட்டி வைக்கிற பொருள். நாகூரில் ஜவுளிக்கடைக்காரர்களின் குழு அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டிருந்தது. வேதாரண்யம் சாலையில் ஒரு கிராமத்துக் காலனிப் பெண்களுக்கு மட்டும் அதன் மதிப்பு வேறு. அவர்கள் தெருவில் ஒன்பது பேர் சேர்ந்து நிற்க நிழலான இடம் இல்லை. ஊருக்குள் இருந்த சமுதாயக் கூடத்தைக் கேட்டபோதெல்லாம் அன்றைக்கு வேறு நிகழ்ச்சி இருப்பதாகப் பதில் வந்தது. அங்கீகாரம் பெற்ற அமைப்புகளுக்குக் கூடத்தைத் தரலாம் என்ற பழைய தீர்மானம் ஒன்று ஊராட்சியில் இருப்பதைப் பிரதிநிதிதான் தேடிப் பிடித்தார். அவர்களைச் சம்மேளனத்தில் சேர்த்து, சான்றிதழின் நகலைக் கொண்டுபோய் ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்தார். ஞாயிறுதோறும் நான்கிலிருந்து ஆறு வரை கூடம் அவர்களுக்குத் திறந்தது. மூன்று ஆண்டுகள் பாடினார்கள். நடவுக்குப் போகிறவர்களும், அங்கன்வாடி ஆசிரியை ஒருவரும், ஒரு செவிலியரும். பேருந்து வராத நாளைப் பற்றியும், கைரேகை பதியாத ரேஷன் கடை இயந்திரத்தைப் பற்றியும் அவர்களே பாட்டுக் கட்டியிருந்தார்கள்.

நான் அங்கே போன ஞாயிறன்று எட்டுப் பேர்தான் இருந்தார்கள். ஒன்பதாமவர், மகளின் பிரசவத்துக்காக அன்று காலை தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போயிருந்தார். அறுவடையால் ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போன வருகை அது. மறுநாள் அறிக்கை தில்லிக்குப் போயாக வேண்டும்.

பிரதிநிதி இருமுறை எண்ணினார். "எட்டு" என்றார்.

"கண்டக்டர் சார், வயித்துல இருக்குற புள்ளைக்கே அரை டிக்கெட் போடுவீங்க. இன்னிக்கு ஒரு ஆள் கூட்டி எழுதப்படாதா?" என்றார் நடவுக்காரப் பெண் ஒருவர். சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் எழுதவில்லை.

அங்கன்வாடி ஆசிரியை என்னைப் பார்த்தார். "மேடம், நீங்க வந்து நில்லுங்களேன். ஒரு பாட்டுதான்."

"எனக்குப் பாட வராதுங்க."

"எங்களுக்கு மட்டும் வருதாக்கும்? பின்னாடி நின்னு வாய அசைங்க, போதும்."

பிரதிநிதி பையிலிருந்து உறுப்பினர் சேர்க்கைப் படிவம் ஒன்றை எடுத்து என் பக்கத்து நாற்காலியில் வைத்தார். விதியில் உறுப்பினர் எப்போது சேர்ந்தார் என்ற கேள்வி இல்லை. அதை நானும் படித்திருந்தேன். கையெழுத்துப் போட்டு நின்றால் அது பொய்யே அல்ல.

செய்தியாளர் செய்திக்குள் நிற்கக் கூடாது என்று எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அதைத்தான் அவர்களிடம் சொன்னேன். மிக மரியாதையாகச் சொன்னேன். அவர்கள் வற்புறுத்தவில்லை. எட்டுப் பேரும் பாடினார்கள். நான் குறிப்பெடுத்தேன், கூடத்தில் எத்தனை மின்விசிறிகள் என்பதுகூட அதில் இருக்கிறது.

அறிக்கையை உறையில் போடுவதற்கு முன் குழுவுக்குப் படித்துக் காட்டுவது அவர் வழக்கம். அன்றும் படித்தார். "நின்றவர்கள் எட்டு. உட்கார்ந்திருந்தவர் ஒன்று." குரலில் எதுவும் இல்லை. கூட்டத்தோடு ஓடும் வண்டியில் நிற்பவர்களையும் அமர்ந்தவர்களையும் தனித்தனியாகச் சொல்லிப் பழகிய குரல்.

உண்மையை எழுதினால் தில்லியில் ஒரு முறை விலக்குத் தருவார்கள் என்று அவர் நம்பினார். தரவில்லை. உறுப்பினர் தகுதி போனது. அடுத்த மாதமே ஊராட்சி கூடத்தைப் பூட்டியது. புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று சம்மேளனம் எழுதியது. புதிய குழுவுக்குப் பயிற்சி இடத்துக்கான சான்று வேண்டும். இடத்துக்குச் சான்றிதழ் வேண்டும் என்றது ஊராட்சி. இரண்டு அலுவலகங்களுக்கும் மாறி மாறி எழுதிய கடிதங்களின் நகல்களைப் பிரதிநிதி எனக்கும் அனுப்பினார். நான் மூன்று பத்திச் செய்தி எழுதினேன். அதில் ஒரு பிழையும் இல்லை. அதனால் ஒன்றும் நடக்கவுமில்லை.

அவர் போன ஆண்டு இறந்தார். அதற்குள் பலமுறை சந்தித்திருந்தோம். அந்த ஞாயிறைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், பதில் என்னிடம் தயாராகவே இருந்தது.

சென்ற மாதம் கோடியக்கரை போகும் வழியில் அந்தக் கிராமத்தில் இறங்கினேன். கூடத்துக்குள் உர மூட்டைகள் கூரைவரை அடுக்கப்பட்டிருந்தன. அங்கன்வாடி ஆசிரியையை அவர் வீட்டு வாசலில் பார்த்தேன். என்னை அடையாளம் தெரிந்தது, டீ கொடுத்தார். நாலு பேர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள், செவிலியர் மாற்றலாகிவிட்டார் என்றார். பாட்டு?

"வயல்ல குனிஞ்சுகிட்டே முணுமுணுக்கிறதுதான். அதுவும் இப்ப மிஷின் நடவு."

மறுபடி தொடங்குவதானால் நானும் சேர்ந்துகொள்கிறேன், கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்கு அசட்டுத்தனமாகக் கேட்டது. அவர் கோபப்படவில்லை. காலி டம்ளரை வாங்கிக்கொண்டார்.

"வாங்களேன். எங்க நின்னு பாடுறது, அத மட்டும் சொல்லுங்க."