புதன்கிழமைப் பேச்சு

பகலெல்லாம் ஊரார் கட்டடங்களில் லிஃப்டைப் பழுது பார்ப்பவர், தன் வீட்டுக்கு நாலு மாடி ஏறித்தான் போக வேண்டும். "லிஃப்ட்காரர் வீட்டுக்கே லிஃப்ட் இல்லையா?" என்று கீழ்வீட்டுத் தையல்காரர் சீண்டாத நாள் கிடையாது. முன்பெல்லாம் அவரும் சிரித்துவிட்டுப் போவார். மகள் படுத்துக்கொண்டபின் அந்தச் சிரிப்பும் போயிற்று.

மகளுக்குப் பதினாறு வயது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. முதலில் பள்ளிக்கூடம் போகப் பிடிக்கவில்லை என்றாள். பிறகு தலை வாரப் பிடிக்கவில்லை. பிறகு எழுந்திருக்கவே பிடிக்கவில்லை. டாக்டர் மனச்சோர்வு என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்து, வாராவாரம் போனில் முகம் பார்த்துப் பேச ஓர் ஆலோசகரையும் ஏற்பாடு செய்தார்.

வீட்டில் இருப்பதே ஓர் அறையும் சமையலறையும்தான். பெண் மனம்விட்டுப் பேச வேண்டுமே என்று புதன்கிழமை சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியும் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் மகளின் குரல் முணுமுணுக்கும். ஒருதரம் சிரிப்புகூடக் கேட்டது. மனைவி அவர் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிறகு வந்த வாரங்களில் குரல் கேட்கவில்லை. மெதுவாகப் பேசுகிறாள் போலும் என்று இருவரும் தங்கள் கதையைப் பேசத் தொடங்கினார்கள்.

ஒரு புதன்கிழமை, எங்கோ லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டதாக அவருக்கு அழைப்பு வந்தது. கருவிப் பையை எடுக்கக் கதவை மெல்லத் திறந்தார். தம்ளரில் சாய்த்து வைத்த போனில் அவர் பார்த்தே இராத ஒரு பெண்.

"பேசணும்னு கட்டாயம் இல்லம்மா. நான் இங்கதான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மகள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

வேலை முடிந்து வந்ததும் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, போனில் இருந்தது யார் என்று கேட்டார்.

"பழைய அக்கா வேலைய விட்டுட்டாங்கப்பா. இவங்க புதுசு. மறுபடி எல்லாத்தையும் முதல்லேர்ந்து சொல்ல என்னால ஆகல."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா கண்ணு?"

"நீங்க ரெண்டு பேரும் படியில பேசிக்கிறது கேக்கும். கொஞ்சம் நிம்மதியா இருக்கீங்கன்னு தோணுச்சு. அதை ஏன் கெடுக்கணும்?"

மறுநாள் ஆலோசகர்களை ஏற்பாடு செய்யும் நிறுவனத்துக்குப் போன் போட்டு, பழையவரே பேசட்டும் என்று கெஞ்சிப் பார்த்தார். "அவங்க இப்ப எங்ககிட்ட இல்ல சார். நம்பரும் தர முடியாது" என்றார்கள். புது ஆலோசகப் பெண்ணே பிறகு அவரைக் கூப்பிட்டாள். "இந்த வாரமே டாக்டரப் பாருங்க. பாத்ரூம் தாழ்ப்பாளையும் கழட்டிடுங்க, அவ உள்ள பூட்டிக்க முடியாதபடி" என்றாள், தணிந்த குரலில்.

அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். மகள் படுக்கையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குப்பா அது?"

"துருப்பிடிச்சிருக்கும்மா."

அவர் கையிலிருந்த தாழ்ப்பாளை அவள் பார்த்தாள். "அதுக்குக்கூட எனக்குத் தெம்பு இல்லப்பா" என்று சொல்லிவிட்டு மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதைக் கேட்டு ஆறுதல் கொள்வதா, அழுவதா என்று அவருக்கு விளங்கவில்லை. "என்னங்க சத்தம்?" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து. அவளிடம் அவர் இன்னும் எதையும் சொல்லியிருக்கவில்லை.